கடைசிச் சொல்லுக்கு மூச்சில்லை

ஆடித் தள்ளுபடி முடிந்து கூட்டம் வடிந்த பிறகும் என் தொண்டைக் கம்மல் வடியவில்லை. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் முப்பத்தோரு வருடமாக நின்று பேசியவன் நான். ஆடியில் குரல் கட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு என்று ஓட்டிவிட்டால் ஆவணி முகூர்த்தத்துக்குள் சரியாகிவிடும். அந்த வருடம் ஆவணி போனது, புரட்டாசியும் போனது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. குரலில் மட்டும் உமி கலந்ததுபோல ஒரு கரகரப்பு.

வலி இல்லாததால் ஏமாந்தேன். இதைப் படிக்கிற உங்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புடவை விற்பவனுக்குக் கையை விடக் காது முக்கியம். ஒரு புடவையை விரித்துப் போட்டதும் வாடிக்கையாளர் சொல்லும் வாக்கியத்தில் எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று கவனிப்பேன். "நல்லா இருக்கு, ஆனா விலை ஜாஸ்தி" என்றால் மடித்து வைத்துவிட வேண்டியதுதான். "விலை ஜாஸ்தி, ஆனா நல்லா இருக்கு" என்றால் அவர் பாதி வாங்கியாகிவிட்டது. சொற்கள் ஒன்றுதான். மனது எப்போதும் 'ஆனா'வுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

மயிலாப்பூரிலிருந்து வரும் ஒரு மாமி இருக்கிறார். "பார்டர் நன்னாத்தான் இருக்கு. ஆத்துல ஒரு வார்த்தை கேட்டுண்டு வரேனே" என்பார். அந்தத் 'தான்' விழுந்த உடனே நான் அடுத்த புடவையை எடுத்துவிடுவேன். 'நல்லா இருக்கு' என்பது சந்தோஷம். 'நல்லாத்தான் இருக்கு' என்பதில் ஒரு பெருமூச்சு இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். கடையில் எனக்குக் 'காது மாரியப்பன்' என்று பெயர்.

அந்தக் காது வீட்டில் வேலை செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் மகள் சுபா ஒரு பையோடு ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடம். வேளச்சேரியில் கணவனும் மாமியாரும் அவளும். நான் கடையிலிருந்து குரல் செத்துப்போய் வந்திருந்தேன். என்னம்மா என்றேன்.

"ஒண்ணும் இல்லப்பா. அவர் நல்லவர்தான். கோவம் வந்தா பேச மாட்டார், அவ்ளோதான். இந்த வாட்டி இருபது நாள் ஆச்சு. நேத்து ஆபீஸ்லேருந்து வந்து பெல் அடிச்சேன், தொறக்கல. ரெண்டு மணி நேரம் வெளிய நின்னேன்."

என் மனைவி இசக்கியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கரகரத்த குரலில் சொன்னேன்: "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். நாம அவசரப்படக் கூடாது. கொஞ்ச நாள் இருந்து பாக்கலாம்."

'பாக்கலாம்' என்பதைக் கடையில் வாடிக்கையாளர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சுபாவுக்கும் தெரியும், என் மகள்தானே. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு போனாள். 'நல்லவர்தான்' என்று அவள் சொன்னதில் இருந்த பெருமூச்சு என் காதில் விழவில்லை. கேட்க விருப்பமில்லாத வாக்கியத்தில் எந்தச் சொல்லும் காதில் விழாது.

தீபாவளிக் கூட்டம் முடிந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் என்னை விட இளையவர், அமைதியான பெண்மணி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுக் குரல்வளையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

"டீ குடிக்கும்போது பிடிக்கிறது உண்டு டாக்டர்."

மருத்துவர் எழுதாமல் காத்திருந்தார். இசக்கி சொன்னாள்: "தினமும் பிடிக்காக டாக்டர். பத்துக்குக் குறையாது."

நான் சொன்ன வாக்கியத்தில் நான் இல்லை. யாரோ எப்போதோ பிடிப்பதுபோல இருந்தது. அவள் வாக்கியத்தில் நான் இருந்தேன்.

பயாப்ஸி (சிறு துண்டுச் சதையை எடுத்துப் பரிசோதிப்பது) முடிவு ஒரு வாரத்தில் வந்தது. புற்றுநோய். ஸ்கேனில் அது குரல்வளையின் குருத்தெலும்பைத் தாண்டியிருந்தது. கதிர்வீச்சு மட்டும் போதாது என்றார் மருத்துவர்.

"லாரிஞ்செக்டமி (குரல்வளையை முழுவதுமாக அகற்றும் அறுவை) செய்யணும் சார். நோயை முழுசா எடுத்துடலாம். அதுக்கப்புறம் கழுத்துல ஒரு துளை வழியாத்தான் மூச்சு விடுவீங்க. மூக்கு வழியா மூச்சு போகாது."

"எடுத்துட்டா... பேச்சு?" என்றாள் இசக்கி. அதற்கு மேல் அவளுக்கு வாக்கியம் வரவில்லை.

"இந்தக் குரல் இருக்காதும்மா. வேற ஒரு குரலுக்கு வழி இருக்கு. அதுக்குக் கொஞ்ச மாசம் ஆகும்."

அவர் சொன்னதில் ஒளிவு இல்லை. 'இருக்காது' என்பதை நேராகச் சொல்லிவிட்டுத்தான் 'இருக்கு' என்றார். பிற்பாடு யோசித்தபோது, இரண்டையும் அந்த வரிசையில் சொன்னதற்காகவே அவரை நம்பினேன் என்று தோன்றியது.

நான் தயங்கினேன். பேச்சுதான் என் சோறு. கடை முதலாளி அண்ணாச்சி எங்கள் பக்கத்துக்காரர். தூத்துக்குடியிலிருந்து வந்து கடை வைத்தவர். நேரில் வந்து, "மாரியப்பா, நீ ஆளா திரும்பி வா. வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மார்கழியில் அறுவைக்குத் தேதி குறித்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம், பேச்சுப் பயிற்சியாளர் நித்யா வார்டுக்கு வந்தார். உங்கள் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு வீட்டில் கேட்க ஆசைப்படுவார்கள் என்றார். சுபா தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். அவள் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏதாவது பேசுங்கப்பா."

எனக்கு ஒன்றும் வரவில்லை. மனைவி நிற்கிறாள், மகள் நிற்கிறாள், நாளைக்குக் குரல் இல்லை. கடைசியில் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வாங்கம்மா, உக்காருங்க. முகூர்த்தத்துக்கா, சும்மா கட்டவா? பாத்துட்டே இருங்க, பிடிச்சா எடுங்க, இல்லன்னாலும் பரவால்ல..." சுபா சிரித்தாள். இசக்கி சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருடம் பேசிய மனிதனிடம் சொந்தமாக ஒரு வாக்கியம் இல்லை.

அறுவை முடிந்து விழித்தபோது வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வராது என்று தெரிந்திருந்தும் பலமுறை திறந்தேன். கழுத்தில் துளை, மூக்கில் உணவுக் குழாய், இரண்டு பக்கமும் வடிகால் குழாய்கள். இருமல் கழுத்திலிருந்து வந்தது. தும்மலும் அப்படியே. சளியை உறிஞ்சி எடுக்கும் கருவியின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: முதல் நான்கு நாட்கள் மிகவும் மோசமானவை. ஐந்தாவது நாள் நான்காவதைப் போல இல்லை.

சுபா பாண்டி பஜாரில் எழுதி அழிக்கும் பலகை ஒன்று வாங்கி வந்தாள். அதில் நான் எழுதிய முதல் வாக்கியம், "எனக்குத் தண்ணீர் வேண்டும்."

இசக்கி படித்துவிட்டு, "இது என்ன, தாசில்தாருக்கு மனு எழுதுத மாதிரி எழுதியிருக்கிய? தண்ணி குடிக்கக் கூடாதுன்னுலா சொல்லியிருக்காக" என்றாள்.

எனக்குப் பேசத் தெரிந்த தமிழ் வேறு, எழுதத் தெரிந்த தமிழ் வேறு. எழுதுவது என்றால் பத்தாம் வகுப்போடு நின்றுபோன பள்ளிக்கூடத் தமிழ்தான். வாயால் சொன்னால் "ஏட்டி, இங்க வாயேன்" என்பேன். அந்த 'யேன்' என்பதில் கெஞ்சல் இருக்கும், உரிமை இருக்கும். பலகையில் "இங்கே வரவும்" என்று வந்தது. எழுதிப் பார்த்தேன்; யாரோ அதிகாரி அழைப்பதுபோல இருந்தது. 'ம்மா', 'ங்க', 'லா' என்று வாக்கியத்தின் வாலில் தொங்கிக்கொண்டிருந்த சின்னச் சின்ன ஒலிகளில்தான் நான் இத்தனை வருடம் அன்பு காட்டியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. அவை போனதும் என் வாக்கியங்கள் எலும்பாகிவிட்டன.

ஆனால் எலும்புக்கு ஒரு குணம் உண்டு. அதை மறைக்க முடியாது.

ஒன்பதாம் நாள் காலை, கட்டு மாற்றிவிட்டுச் செவிலியர் போன பிறகு, நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். "என்மேல என்ன கோவம்?" என்றாள் இசக்கி. பலகையை எடுத்து எழுதினேன்: "கோபம் இல்லை. பயமாக இருக்கிறது."

அவள் வெகுநேரம் படித்தாள். இரண்டு வரி படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"யாருக்கு?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"யாருக்குப் பயமா இருக்குன்னு எழுதலியே. எனக்குந்தான் இருக்கு."

முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே "எனக்கு" என்று சேர்த்தேன். இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவளிடம் நான் அதைச் சொன்னதில்லை. அவள் அன்று மாலைவரை பலகையை அழிக்கவிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கைச்சாடை காட்டும்படி சொல்லிவிட்டாள்.

அறுவையின் புண் ஆறியபின் ஆறு வாரம் கதிர்வீச்சு. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலைபோன்ற முகமூடியை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். அசையக் கூடாது. சில நிமிடங்கள்தான். மூன்றாம் வாரம் நாக்கில் ருசி போனது. எச்சில் வற்றிப்போனது. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. ரசம் சாதம்கூட மணல்போல இருந்தது. இவை பெரும்பாலும் மெல்ல மெல்லத் திரும்பும். எனக்கு இனிப்பு முதலில் திரும்பியது.

அந்த வாரங்களிலும் அதற்குப் பின்வந்த மாதங்களிலும் சுபா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். காலையில் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விட்டு, வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து வேலை பார்ப்பாள். கணவன் கேட்டால், "அப்பாவைப் பாத்துக்கணும்ல" என்பாள். அவளுக்கு அது போதுமான காரணம். எனக்கும்.

பேச முடியாதவன் செய்யக்கூடியது கேட்பது ஒன்றுதான். அவள் கணவனோடு கைப்பேசியில் பேசுவது எனக்குக் கேட்கும். "சரிங்க." "இல்லங்க." "சரிங்க." "இல்லங்க, மறந்துட்டேன்." "சாரிங்க." அலுவலக அழைப்பில் நீளநீளமாகப் பேசுகிறவள் அவள். "அது சரி வராது, ஏன்னா..." என்று ஆரம்பித்தால் காரணம், நிபந்தனை, முடிவு என்று ஒரு வாக்கியம் தொடர்வண்டிபோலப் போகும். கணவனிடம் பேசும்போது ஒரு முழு வாக்கியம்கூட அவளிடமிருந்து வந்து நான் கேட்கவில்லை. 'நான் நினைக்கிறேன்' இல்லை. 'எனக்கு வேணும்' இல்லை. 'ஏன்' இல்லை. பதில்கள் மட்டும்.

பேச முடியாமல் இருப்பது வேறு, பேசாமல் இருந்து ஒருவரைத் தண்டிப்பது வேறு. முதலாவதில் நான் இருந்தேன். இரண்டாவதற்குள் அவளை நான்தான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

போக வேண்டாம் என்று பலகையில் எழுதிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. வாயால் திருப்பி அனுப்பியவளை வாயால்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரு வீம்பு. 'சுபா, நீ திரும்பிச் செல்ல வேண்டாம்' என்று ஒரு அதிகாரியின் கடிதம்போல எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. குரல் வரட்டும், முதல் வேலையாகச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். நல்ல எண்ணமும் தள்ளிப்போடுவதற்கான சாக்காக ஆகும்.

ஆனி மாதத்தில் எனக்கு வால்வு (மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் சிறு ஒருவழிக் கதவு) வைத்தார்கள். கழுத்துத் துளையைக் கட்டைவிரலால் மூடினால் மூச்சுக்காற்று அந்தக் கதவு வழியாக உணவுக்குழாய்க்குள் போய் அங்குள்ள தசையை அதிரச் செய்யும். அந்த அதிர்வுதான் புதுக் குரல். தவளையும் நானும் சேர்ந்து பேசுவதுபோல இருந்தது. முதல் சொல்லாக நித்யா "அம்மா" சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே உட்கார்ந்திருந்த இசக்கி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

ஆரம்பத்தில் தசை இறுகிக்கொள்ளும். ஒரு மூச்சில் ஐந்தாறு சொற்கள் வந்தால் அதிகம். விரல் சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று கழுத்து வழியாகவே புஸ்ஸென்று போய்விடும்.

வால்வு வைத்து நான்காம் நாள் மாப்பிள்ளை கூப்பிட்டார். சுபா கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. "அதான் உங்கப்பா பேசறாராமே. இன்னும் என்ன?" மறுநாள் காலை அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இசக்கி மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். இதுதான் நேரம் என்று நான் சுபா முன்னால் போய் நின்று, விரலை வைத்து ஆரம்பித்தேன்.

எப்படி ஆரம்பித்தேன் என்பதைப் பாருங்கள். முப்பத்தோரு வருடப் பழக்கம். வாடிக்கையாளரை மெல்ல மெல்ல அழைத்துப் போவதுபோல. "நடந்ததெல்லாம் யோசிச்சேம்மா." மூச்சு. "அப்பாவுக்கு என்ன தோணுதுன்னா..." மூச்சு. "சுபா, நீ அங்க திரும்பிப் போக..."

சளி வந்து வால்வை அடைத்தது. இருமல் பிடித்துக்கொண்டது. 'வேண்டாம்' என்ற சொல் தொண்டைக்குக் கீழே நின்றுவிட்டது.

அவள் என் முதுகைத் தடவிவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு தானே வாக்கியத்தை முடித்தாள்.

"போகணும். தெரியும்ப்பா. போறேன். நீங்க ஸ்ட்ரெய்ன் பண்ணிக்காதீங்க."

நான் தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். இருமலில் ஆடுகிறேன் என்று நினைத்தாளோ, தன்னைச் சமாதானப்படுத்துகிறேன் என்று நினைத்தாளோ. பலகை உள்ளறையில் இருந்தது. நான் அதை எடுத்துவருவதற்குள் கீழே வண்டி வந்துவிட்டது.

நம் மொழியில் ஆம், இல்லை எல்லாம் கடைசியில்தான் வருகிறது. 'நான் நாளைக்குக் கடைக்கு வர' என்பதுவரை கேட்டவருக்கு நான் வருவேனா மாட்டேனா என்று தெரியாது. மூச்சு உள்ளவர்களுக்கு அது வசதி. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய், கடைசி நொடியில் 'மாட்டேன்' என்பதை 'பாக்கலாம்' என்று மாற்றிக்கொள்ளலாம். நான் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பேசினேன். இப்போது அந்தக் கடைசிச் சொல்லுக்கு மூச்சில்லை. அந்த வெற்றிடத்தை என் மகள், என்னைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பினாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

இசக்கி வந்ததும் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். உடனே அவள் சுபாவைக் கூப்பிட்டு, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏ சுபா, அப்பா போக வேண்டாம்னுலா சொல்ல வந்தாகளாம்."

அந்தப் பக்கத்திலிருந்து சுபாவின் குரல்: "சொல்ல வந்தாங்களாம்மா? நீ எனக்காகச் சொல்ற. விடும்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

இந்த முறை அந்தத் 'தான்' என் காதில் விழுந்தது. நெஞ்சில் விழுந்தது என்று சொல்வதுதான் சரி. இசக்கியின் 'களாம்' என்பதில் என் வார்த்தை யாரோ சொன்ன சேதியாகிவிட்டதும் புரிந்தது. இதை இன்னொருவர் வாயால் சொல்ல முடியாது.

மறுநாள் நித்யாவிடம் எழுதிக் காட்டினேன். அவருக்குப் பாடம் நடத்தும் பழக்கம் இல்லை. பேனாவை வாங்கி, நான் எழுதியிருந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லை வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு முன்னால் கொண்டுவந்தார்.

"சார், மூச்சு இருக்கும்போதே இதைச் சொல்லிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்."

மூன்று நாள் பழகினேன். வேண்டாம், காபி. வரேன், நாளைக்கு. பிடிக்கல, எனக்கு. கேட்கச் சாதாரணமாக இருக்கும். எனக்கு அது மலையேறுவதுபோல இருந்தது. கடைசிச் சொல்லை முதலில் சொல்ல வேண்டுமென்றால், பேச ஆரம்பிப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். நான் வாக்கியத்தின் நடுவில் முடிவு செய்து பழகியவன். பல நேரம் முடிவே செய்யாமல் வாக்கியத்தை முடித்தவன். பயிற்சி தொண்டைக்கு என்று நினைத்துப் போனேன்; உண்மையில் அது மனதுக்கான பயிற்சியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இசக்கியும் நானும் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரிக்குப் போனோம். கழுத்தில் துளையை மூடிய மெல்லிய துணி. எதிரில் உட்கார்ந்த ஒருவர் பார்த்துவிட்டு, பிறகு ஜன்னலைப் பார்த்தார். நான் உதட்டுக்குள் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். மரியாதையாகவே பேசினார். "வாங்க மாமா, வாங்க அத்தை. நீங்க நல்லா ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டோம், சந்தோஷம். இங்க ஒரு பிரச்சினையும் இல்ல மாமா. அவளாத்தான் எதையாவது மனசுல போட்டுக்கறா. அன்னைக்குக் கதவுகூட, தெரியாம பூட்டிடுச்சு."

கதவு தானாகப் பூட்டிக்கொண்டதாம். கடையில் புடவைமேல் காபியைக் கொட்டியவன் 'காபி கொட்டிடுச்சு அண்ணே' என்பான். அந்த வாக்கியத்தில் அவன் கை இருக்காது. டாக்டரிடம் சிகரெட்டைப் பற்றிச் சொன்னபோது என் கையும் இருக்கவில்லை. ஆகையால் மாப்பிள்ளையை என்னால் வெறுக்க முடியவில்லை. ஆனால் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு சுபா வந்தாள். நான் எழுந்து நின்று கட்டைவிரலை வைத்தேன்.

"வா."

குரல் கரகரவென்று கூடம் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் விரலை எடுத்து மூச்சு வாங்கினேன். மறுபடி வைத்தேன்.

"வீட்டுக்கு."

மூச்சு.

"என்கூட."

சுபா என்னையே பார்த்தாள். அவள் காத்திருந்தாள். என் வாக்கியங்களில் இன்னும் ஏதோ வரும், ஒரு 'ஆனா' வரும், ஒரு 'பாக்கலாம்' வரும் என்று பிறந்ததிலிருந்து அவளுக்குப் பழக்கம்.

"முழுசா சொல்லுங்கப்பா" என்றாள்.

"முடிஞ்சிருச்சு."

அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். இசக்கியும் பின்னாலேயே போனாள். "என்ன சுபா இது, உக்காந்து பேசலாம்ல?" என்று மாப்பிள்ளை குரலை உயர்த்தினார். சுபா சான்றிதழ்கள் வைத்த ஃபைலையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் போறேன்" என்றாள் அவரிடம்.

'போறேன்' என்றாலே போதும். போவது யார் என்று அதிலேயே இருக்கிறது. அவள் 'நான்' என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத முடியாது. விவாகரத்து வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். சில நாட்களில் சுபா தான் செய்தது சரிதானா என்று இசக்கியிடம் அழுகிறாள். மறுநாள் காலை தரமணிக்கு அலுவலகப் பேருந்து ஏறுகிறாள். எனக்கு இதுவரை பரிசோதனைகளில் நோய் தெரியவில்லை. வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். வால்வு சில மாதங்களில் கசிய ஆரம்பிக்கும். தண்ணீர் குடித்தால் இருமல் வரும். போய் மாற்றிக்கொண்டு வருவேன். அண்ணாச்சி சொன்னபடி வேலை கொடுத்திருக்கிறார். இரண்டாம் மாடியில் புதுச் சரக்கில் நெசவுக் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. விற்பனைக்கு நிற்கும் ஆசை இன்னும் போகவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

உடம்பு வேறொன்றாகிவிட்டது. மூக்கில் காற்று ஓடாததால் வாசனை தெரிவதில்லை. கைநிறையப் புதுப் பட்டு இருக்கும். அதன் மணம் என்னவென்று நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். சூடான காபியை ஊத முடியாது, ஆறும்வரை காத்திருக்கிறேன். சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது. குளிக்கும்போது கழுத்துக்குள் தண்ணீர் போகாமல் ஒரு கையால் காக்க வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலம் நடந்தால், உப்புக்காற்று முகத்தில் படுவதற்குள் கழுத்தில் புகுந்துவிடுகிறது. நான் முகத்தால் வாழ்ந்தவன். இப்போது என் வாசல் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

போன வாரம் வால்வு மாற்றப் போனபோது, வெளியே நடைவழியில் ஒருவரோடு பேச முடியுமா என்று மருத்துவர் கேட்டார். பெயர் ஏழுமலை. என் வயது. பட்டினப்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். அடுத்த வாரம் அதே அறுவை. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் எக்ஸ்ரே உறையோடு.

"பேச்சு பூடும்னு சொல்றாங்க சார்" என்றார். அவர் குரலிலும் உமி கலந்திருந்தது. "சவாரி கூப்புடணும், வீட்ல நாலு வார்த்த பேசணும். அத்தயும் புடுங்கிட்டா அப்பால எனக்கு இன்னா கீது? நீயே சொல்லு."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நான்காம் நாளைப் பற்றி, பலகையைப் பற்றி, மனைவி அழிக்கவிடாத அந்த இரண்டு வரிகளைப் பற்றி. எதையும் எடுக்கவில்லை. விரலை வைத்தேன்.

"இருக்கு" என்றேன்.

விரலை எடுத்தேன். ஏழுமலை காத்திருந்தார். அவர் மனைவி உறையைப் பிடித்திருந்த கை அசையவில்லை. நடைவழியில் யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு தள்ளுவண்டி எங்களைக் கடந்து போனது. முன்பெல்லாம் இவ்வளவு இடைவெளி விட்டால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவாரே என்று பதறுவேன். இப்போது அவசரமாக இல்லை. கழுத்து வழியாக மூச்சு குளிர்ந்து இறங்கி நெஞ்சை நிறைக்கும்வரை இருந்து, அடுத்த சொல்லுக்கு விரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனேன்.